தோற்ற வேட்பாளர்களும் கலைக்களஞ்சியப் பதிவும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

தேர்தலில் நின்று தோற்ற ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தகுமா என்னும் கேள்வி, தொகுப்பாளர்கள் 'குறிப்பிடத்தக்கமை' என வழங்கும் அளவுகோலைச் சார்ந்தது. அதாவது, ஒருவரைப் பற்றி அவரோடு தொடர்பற்ற, நம்பத்தகுந்த வெளியீடுகள் போகிற போக்கில் அல்லாமல் விரிவாகவே எழுதியிருக்க வேண்டும். விக்கிப்பீடியாவின் வழக்கப்படி சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ தேர்ந்தெடுக்கப்பட்டவர் இத்தகுதி உடையவராகக் கொள்ளப்படுகிறார்; வேட்பாளராக நின்றது மட்டும் போதாது என்பதால், தோற்றவரின் பெயர் பெரும்பாலும் அத்தேர்தலைப் பற்றிய கட்டுரைக்கு 'வழிமாற்று' ஆகிவிடுகிறது, அதாவது அப்பெயரைத் தேடுபவர் நேரே அங்கே கொண்டுசெல்லப்படுகிறார்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காட்டில் இவ்வளவுகோல் சிக்கலின்றிப் பொருந்துகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் பாலக்காடு தொகுதியில் 3,859 வாக்குகளில் தோற்ற இ. ஸ்ரீதரனுக்குக் கொங்கண் இருப்புப்பாதையும் தில்லி மெட்ரோவுமே கட்டுரையைப் பெற்றுத் தந்தவை. ஒற்றப்பாலம் மக்களவைத் தொகுதியில் 1989, 1991 ஆகிய இரு தேர்தல்களிலும் கே. ஆர். நாராயணனிடம் தோற்ற லெனின் ராஜேந்திரன் திரைப்பட இயக்குநராக இடம்பெறுகிறார். அதே நாராயணனை எதிர்த்து 1997 குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரும் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தவருமான டி. என். சேஷன்; நாராயணன் பெற்ற வாக்கு மதிப்பு 9,56,290, சேஷன் பெற்றது 50,631. நாட்டின் தேர்தல்களையே ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்று பெயரெடுத்தவருக்கு வாக்குப் பெட்டி காட்டிய முகம் இது. எனினும் இம்மூவர் கட்டுரைகளிலும் தோல்வி ஒரு பத்திக்கு மேல் நீளத் தேவையில்லை.

இடுக்கியின் தோட்டப் பகுதியில் நிலை வேறு. தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் கூலி, போனஸ் கேட்டு மூணாறு சாலைகளில் அமர்ந்து நடத்திய 'பொம்பிளை ஒருமை' போராட்டம், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்ததால் நாடெங்கும் பேசப்பட்டது. அவ்வமைப்பின் சார்பில் 2016-இல் தேவிகுளத்தில் நின்றவர் தோற்றார். அவரது வேட்பு அப்போராட்டத்தின் தொடர்ச்சி ஆதலால் அதைப் பற்றிய கட்டுரையில் வைத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

தோல்வியே பதிவுக்குக் காரணமாகும் அரிய வகைக்குத் தேவிகுளம் இரண்டு சான்றுகள் தருகிறது. 1957 தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார், ஆனால் பி. கே. நாயரின் வேட்புமனுவைத் தள்ளியது முறையன்று எனத் தேர்தல் தீர்ப்பாயம் கண்டதால் அவ்வெற்றி செல்லாததாயிற்று. 126 இடங்கள் கொண்ட அவையில் ஐந்து சுயேச்சைகளையும் சேர்த்து 65 பேரின் ஆதரவில் நின்ற இ. எம். எஸ். நம்பூதிரிபாடு அரசுக்கு ஓரிடமும் பெரிது என்பதால், 1958 இடைத்தேர்தலில் போட்டி கடுமையாக இருந்தது. இளையராஜாவின் அண்ணன் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் தோட்டத் தொழிலாளரிடையே பாடிப் பிரசாரம் செய்ததும் அப்போதுதான். தீர்ப்பாயத்தில் வென்ற நாயர் வாக்குச்சாவடியில் தோற்றார்.

இரண்டாவது சான்று அண்மைக் காலத்தது. பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட இத்தொகுதியில் 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் அ. ராஜா, காங்கிரசின் டி. குமாரை 7,848 வாக்குகளில் வென்று தமிழில் பதவி ஏற்றார். (தி.மு.க.வின் ஆ. இராசாவோடு பெயர் மயங்காதிருக்கத் தொகுதிப் பெயரை அடைப்புக்குறியில் சேர்ப்பது நல்லது.) ராஜா இட ஒதுக்கீட்டுக்கு உரியவர் அல்லர் என்ற குமாரின் வழக்கை ஏற்றுக் கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அத்தேர்தலைச் செல்லாதது என்றது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி ராஜாவின் வெற்றியை நிலைநாட்டியது. தமிழ்நாட்டிலிருந்து வந்து தோட்டங்களில் தங்கிய குடும்பத்தின் வழித்தோன்றல் எந்த மாநிலத்தின் பட்டியலைச் சேர்ந்தவர் என்பது எல்லைப் பகுதியில் பலரைத் தொடும் கேள்வி. அதை நீதிமன்றத்தின் முன் வைத்தவர் தோற்ற வேட்பாளரே. குமாரின் வாழ்க்கை வரலாற்றுக்குத் தனிக் கட்டுரை தேவைப்படாது போகலாம். ஆயினும் அவர் பெயருக்கு அமைக்கும் வழிமாற்று, தேர்தல் முடிவுப் பட்டியலுக்குச் செல்வதைவிட அவ்வழக்கைப் பற்றிய கட்டுரைக்குச் செல்வதே பொருந்தும்.