கொரியன் மொழி தமிழர்களுக்கு ஈஸியா? நாரணாபுரத்துல இருந்தே படிக்க முடியுமா? ஏஜென்ட் பேச்சை நம்பி பணம் கட்டலாமா? முழு விவரம்

கே-டிராமா பார்த்து 'அன்யோங்' சொல்லக் கத்துக்கிட்டவங்க இப்போ எல்லா ஊர்லயும் இருக்காங்க. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் மாதிரி பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில் ஊர்கள்லயும் பிளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க கேக்குற கேள்வி இதுதான்: கொரியன் படிச்சா வேலை கிடைக்குமா? கொரியாவுக்குப் போக முடியுமா? மொழியில் இருந்தே தொடங்கலாம். விசா விவகாரம் பின்னாடி வருது, அதை மட்டும் தவறாம படிச்சிடுங்க.

எழுத்து எப்படி இருக்கும்?

கொரிய எழுத்துக்குப் பேர் ஹங்குல். மன்னர் செஜோங் 1443-ல் உருவாக்கி, 1446-ல் மக்களுக்கு அறிவிச்சார். அதுக்கு முன்னாடி சீன எழுத்துலதான் எழுதினாங்க. சாதாரண ஜனங்களால அதைப் படிக்க முடியல என்பதுதான் புது எழுத்துக்குக் காரணம். தென் கொரியாவில் அக்டோபர் 9 ஹங்குல் தினம், அரசு விடுமுறை.

அடிப்படை எழுத்து மொத்தமே 24. மெய் 14, உயிர் 10. நம்ம உயிர்மெய் மாதிரியே மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள்ள உக்காரும். கடைசியில் வர்ற மெய்யும் அதே கட்டத்துக்குள்ள கீழே போயிடும். 'கடல்' என்பதை அவங்க முறையில் எழுதினா மூணு எழுத்து இல்ல, ரெண்டே கட்டம். 'ப' ஒலிக்கான எழுத்து நம்ம 'ப' நடுவுல ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும். 'ந' ஒலிக்கான எழுத்தோ அச்சு அசல் நம்ம 'ட'. முதல் வாரம் அதை 'ட'ன்னே வாசிப்பீங்க, பரவாயில்ல. இந்த ஒற்றுமைகள் எல்லாம் தற்செயல்தான்.

அச்சுத் தொழில் ஊர்க்காரங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். உலோக அச்சு எழுத்துகளைக் கோத்து அச்சடிச்சு, இன்னைக்கும் மிஞ்சி இருக்கற புத்தகங்களில் மிகப் பழையது கொரியாவில் 1377-ல் அச்சான 'ஜிக்ஜி' என்ற பௌத்த நூல். குட்டன்பர்க் பைபிளுக்கு ஏறத்தாழ 78 வருஷம் முந்தியது. இப்போ அது பாரிஸில், பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கு.

தமிழ் தெரிஞ்சா எங்கே லாபம்?

முதல் லாபம் வாக்கிய அமைப்பு. 'சியோலுக்குப் போறேன்' என்பதை 'சியோல்-ஏ காயோ' என்பார்கள். ஊர்ப்பெயர், அதோட வேற்றுமை உருபு, கடைசியில் வினை. அப்படியே நம்ம வரிசை. இங்கிலீஷ் வழியா யோசிச்சா குழம்பும், நேரா தமிழ்ல யோசிச்சா விழுந்துடும். இன்னொரு சலுகை, வினைக்கு நம்ம மாதிரி போறேன், போறான், போறாங்க என்ற விகுதி கிடையாது. எல்லாத்துக்கும் ஒரே 'காயோ'.

ரெண்டாவது, ஒலி. தமிழ்ல 'கடல்', 'அகம்' ரெண்டுக்கும் ஒரே 'க'தான், ஆனா சத்தம் வேற. சொல் முதலில் அழுத்தமாவும், ரெண்டு உயிருக்கு நடுவிலயும் மெல்லினத்துக்கு அப்புறமும் மென்மையாவும் சொல்றோம். கொரியனில் சாதாரண 'க', 'த', 'ப' எழுத்துகள் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் நடக்கும். இறைச்சிக்கு 'கோகி' என்று சொல்லும்போது முதல் 'கோ'வும் அடுத்த 'கி'யும் ஒரே எழுத்துதான். இந்திக்காரங்க இதை விதியாப் படிக்கணும், நமக்கு வாய் தானா போகும்.

இன்னொண்ணு, பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காகப் படிச்ச குற்றியலுகரம். 'பாட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசி உகரத்துக்கு உதடு குவியாது இல்லையா? கொரியனில் அந்த ஒலிக்குத் தனியா ஒரு உயிரெழுத்தே இருக்கு, ஒரு படுக்கைக் கோடுதான் அது. அதனாலதான் கேக் அங்கே 'கேய்க்கு', பஸ் அங்கே 'பஸ்ஸு' மாதிரியே கேக்கும். 'ஃப' ஒலி இல்லாததால காபி 'கோப்பி' ஆயிடுது. எங்க தாத்தா 'காப்பி'ன்னு சொன்ன அதே கணக்கு.

புணர்ச்சியும் உண்டு. புத்தாண்டுக்கு 'சொல்', நாளுக்கு 'நல்'; ரெண்டும் சேர்ந்தா எழுதுறது 'சொல்நல்', சொல்றது 'சொல்லல்'. 'நல் + நூல் = நன்னூல்' படிச்சவங்களுக்கு இது அதிர்ச்சி தராது.

எங்கே கஷ்டம்?

நம்ம ஒரு 'த' இருக்கற இடத்தில் அவங்களுக்கு மூணு. சாதாரணம், இறுக்கம், மூச்சுக்காற்றோடு. சாதாரணமா 'தல்' என்றால் நிலா, இறுக்கிச் சொன்னால் மகள், காற்றோடு சொன்னால் முகமூடி. 'புல்' என்பதும் அப்படித்தான்: தீ, கொம்பு, புல். ஆமா, காற்றோடு சொன்னால் அர்த்தமும் நம்ம புல்லேதான். தமிழ் எழுத்தில் குறிப்பு எடுத்துப் படிக்கிறவங்க இங்கேதான் மாட்டிக்குவாங்க, ஏன்னா மூணையும் ஒரே மாதிரி எழுதி வெச்சிருப்பாங்க. ஹங்குல் படிக்க ஒரு வாரம் செலவழிச்சுட்டு, தமிழ்க் குறிப்பைத் தூக்கிப் போடுறது நல்லது.

எண்களும் ரெண்டு செட். மணி சொல்ல ஒரு செட், நிமிஷம் சொல்ல இன்னொரு செட். பெரிய எண்ணைப் பத்தாயிரம் பத்தாயிரமா எண்ணுவாங்க, லட்சம் அவங்களுக்குப் 'பத்து பத்தாயிரம்'.

மரியாதைச் சொல் மட்டும் நமக்கு சுலபம். 'வா'வுக்கு அங்கேயும் 'வா', 'வாங்க'வுக்கு 'ஒசெயோ'. பேர் சொல்லாம உறவுமுறை சொல்லிக் கூப்பிடுற பழக்கமும் இருக்கு. ஆனா பொண்ணு அண்ணனை 'ஒப்பா' என்பா, பையன் அதே அண்ணனை 'ஹ்யோங்' என்பான். பையன்கள் டிராமா பார்த்து 'ஒப்பா' சொன்னா கொரியர்கள் சிரிப்பாங்க.

சிவகாசிக்காரங்க கத்துக்க வேண்டிய சொல் ஒண்ணு: 'புல்கொத்னொரி'. தீ, பூ, விளையாட்டு என்ற மூணு சொல் சேர்ந்தது. அர்த்தம், வாணவேடிக்கை.

அப்போ கொரியன் தமிழ்ல இருந்து வந்ததா?

அம்மாவுக்கு 'ஒம்மா', அப்பாவுக்கு 'அப்பா', நானுக்கு 'நா', நீக்கு 'நி'. கேட்டா ஆச்சரியமாத்தான் இருக்கும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். ஆனா இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஏத்துக்கல. அம்மா, அப்பா மாதிரி சொற்கள் உலகத்தில் பல மொழிகளில் ஒத்துப்போகும். கொரிய அகராதியில் பாதிக்கும் மேல் சீன வழிச் சொற்கள். யூடியூப் வீடியோ சொல்ற 'ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்கள்' கணக்கை நம்பிப் படிக்க உக்காந்தா, ரெண்டாவது பாடத்திலேயே ஏமாற்றம்தான்.

எங்கே படிக்கலாம்?

தமிழ்நாட்டில் ஹூண்டாய் 1996-ல் வந்தது, சாம்சங் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007-ல். அதனால கொரியக் குடும்பங்களும் கொரியன் வகுப்புகளும் சென்னைப் பக்கமே குவிஞ்சிருக்கு. 2006-ல் தொடங்கிய இன்கோ சென்டர் அங்கே பல வருஷமா கொரியன் சொல்லிக்கொடுக்குது. புதிய கல்விக் கொள்கை 2020 பள்ளியில் படிக்கக்கூடிய வெளிநாட்டு மொழிகளில் கொரியனையும் சேர்த்திருக்கு, ஆனா தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இருமொழிக் கொள்கைதான். பட்டப்படிப்பாகவே படிக்கணும்னா டெல்லி ஜேஎன்யூவில் பி.ஏ. ஆனர்ஸ் இருக்கு, க்யூட் தேர்வு எழுதணும்.

சிவகாசியில் இருந்து பொதிகை ஏறினா விடிஞ்சா எழும்பூர், ஆனா வாரா வாரம் அதைச் செய்ய முடியாது. போன் மட்டும் இருக்கறவங்களுக்குக் கொரிய அரசின் கிங் செஜோங் இன்ஸ்டிடியூட் நடத்தும் இலவச ஆன்லைன் பாடங்கள் போதுமான ஆரம்பம்.

டோபிக் தேர்வு என்ன?

கொரியன் தெரியும்னு நிரூபிக்க எழுதுற தேர்வு இது. டோபிக் ஒன்று 200 மார்க்: 80 எடுத்தா லெவல் 1, 140 எடுத்தா லெவல் 2. கேட்டல், வாசித்தல் மட்டும். டோபிக் இரண்டு 300 மார்க், எழுதவும் வேணும், லெவல் 3 முதல் 6 வரை. லெவல் 1-க்கு சுமார் 800 சொல் தெரியணும். சான்றிதழ் 2 வருஷம்தான் செல்லும், அதனால தேவை இல்லாம சீக்கிரம் எழுதி வீணாக்காதீங்க. சென்னையிலும் மையம் உண்டு. மொழிபெயர்ப்பு வேலைக்கு லெவல் 1, 2 சான்றிதழ் பெருசா உதவாது, குறைஞ்சது 4 தாண்டணும் என்பது எங்க கணிப்பு.

ஜி.கே.எஸ். என்ற கொரிய அரசு உதவித்தொகை கிடைச்சா விமான டிக்கெட், கல்விக் கட்டணம், மாதச் செலவு எல்லாம் அவங்களே தருவாங்க. முதல் ஒரு வருஷம் மொழிப் பயிற்சியும் அதிலேயே அடக்கம். வருஷக் கடைசியில் டோபிக் லெவல் 3 எடுத்தாத்தான் பட்டப்படிப்புக்குள் போக முடியும்.

'கொரியா ஃபேக்டரி வேலை' விளம்பரம் உண்மையா?

இங்கேதான் கவனம் தேவை. கொரியத் தொழிற்சாலை, பண்ணைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கும் அரசுத் திட்டத்துக்குப் பேர் ஈ.பி.எஸ். இதுக்கான விசா இ-9. இலங்கை, நேபாளம், வங்கதேசம், வியட்நாம் எல்லாம் பட்டியலில் உண்டு. இந்தியா இல்லை. இலங்கைத் தமிழ் இளைஞர்கள் ஈ.பி.எஸ்.-டோபிக் என்ற தனித் தேர்வு எழுதி, அவங்க அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மூலமாப் போறாங்க. அந்த வீடியோவைப் பார்த்துட்டு 'நமக்கும் இருக்கு'ன்னு நினைக்கிறதுதான் ஏமாத்துறவங்களுக்கு வசதி.

வெல்டர் மாதிரி திறன் வேலைக்கும் இன்ஜினியர்களுக்கும் இ-7 என்ற வேற பிரிவு இருக்கு. அதுக்குக் கொரிய நிறுவனத்தின் ஒப்பந்தம், கல்வித் தகுதி, அனுபவம் எல்லாம் கேப்பாங்க. மொழி சான்றிதழ் மட்டும் காட்டி அதை வாங்க முடியாது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே வேலையில் சேர்ந்துக்கலாம்னு யாராவது சொன்னா, அது சட்டவிரோதம். பிடிபட்டா திருப்பி அனுப்பிடுவாங்க, கட்டின பணம் வராது.

பணம் கொடுக்கும் முன் ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் அந்தப் பேர் இருக்கான்னு பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்டா, ரசீது இல்லாம ரொக்கமாக் கேட்டா, பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்கிட்டா, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.