தீர்ப்பை ஆராயும் மாணவர்: கமுதி வழக்கும் மனித உரிமைச் சட்ட இதழ்களும்

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர் பாலவனத்தம். இவ்வூர் ஜமீன்தாராயிருந்த பாண்டித்துரைத் தேவர் (1867–1911) 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியதும், அச்சங்கம் செந்தமிழ் என்னும் திங்களிதழை வெளியிட்டதும் தமிழறிந்தோர் நன்கறிந்தவை. ஏடுகளில் முடங்கிக் கிடந்தவற்றை அறிஞர் ஆய்வுக்குக் கொணர்ந்த இதழ் அது. அக்காலத்தில் இவ்வறண்ட நாட்டிலிருந்து எழுந்த ஒரு வழக்கையும், தீர்ப்புகளை ஆராயும் மாணவர் இதழ்களையும் இங்கு ஒருசேர நோக்க விரும்புகிறோம்.

1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் சென்று வழிபட்டனர். கோயிலின் பரம்பரை அறங்காவலரும் பாண்டித்துரைத் தேவரின் நெருங்கிய உறவினருமான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899-ல் மதுரைச் சார்பு நீதிமன்றம் நாடாருக்கு அவ்வுரிமை இல்லையெனத் தீர்த்தது. சென்னை உயர்நீதிமன்றமும், 1908-ல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதனை உறுதிசெய்தன. ஆகமமும் கோயில் வழக்கமும் இடந்தராதவரை உள்ளே விட இசையும் அறங்காவலர் தம் பொறுப்பில் தவறியவராவார் என்றும் முடிவாயிற்று.

இங்கு ஒன்று கருதத்தக்கது. நாடார் தரப்பினர் தம்மைச் சத்திரியர் என்று கூறியே உரிமை கோரினர். மனிதர் அனைவரும் சமம் என்பது அவ்வழக்கின் அடிப்படையன்று. வாதியின் வாதமும் பிரதிவாதியின் வாதமும் குலத்தையும் வழக்கத்தையுமே அளவுகோலாகக் கொண்டிருந்தன. அந்த அளவுகோலே நேர்மையானதா என்னும் வினா நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை.

அத்தகைய வினாவை எழுப்புவோர் யாவர்? சென்னையில் 1891-ல் தோன்றிய மெட்ராஸ் லா ஜர்னல் வழக்கறிஞர்கள் நடத்திய இதழ். தொழில் புரிவோருக்கு முன்தீர்ப்பு வேண்டும். கட்சிக்காரரின் நலனும் அவர்கள் கண்முன் நிற்கும். மாணவருக்குக் கட்சிக்காரர் இல்லை. எனவே சட்டம் யாது என்பதோடு, அது எவ்வாறு இருத்தல் வேண்டும் என்றும் அவர்கள் கேட்க இயலும். 1887-ல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவியூ முதலாக, கட்டுரைகளைத் தேர்ந்து, மேற்கோள்களைச் சரிபார்த்து, மாணவரே நடத்தும் மரபு அமெரிக்காவில் வேரூன்றியது. 1967-ல் கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவர் மனித உரிமைச் சட்டத்துக்கென்றே ஓர் இதழைத் தோற்றுவித்தனர். அவ்விதழார் 1978-ல் சிறைவாசிகளுக்கென ஒரு சட்டக் கையேட்டையும் வெளியிட்டனர். வழக்கறிஞர் துணையற்ற கைதி தன் மனுவைத் தானே எழுத உதவுவது அதன் நோக்கம். ஆய்வுக் கட்டுரையில் தொடங்கிய பணி சிறைக் கதவு வரை சென்றது. நம் நாட்டிலும் பெங்களூர் தேசிய சட்டப்பள்ளி மாணவர் 1988-ல் தொடங்கிய இதழ், இன்று நேஷனல் லா ஸ்கூல் ஆஃப் இந்தியா ரிவியூ என்னும் பெயரால் வழங்குகிறது.

ஆயினும் கமுதித் தீர்ப்பின் நெறியை மாற்றியவை இதழ்கள் அல்ல. 1939-ல் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் சென்றனர். 1947-ல் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950-ல் அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1957-ல் வேங்கடரமண தேவரு வழக்கில் உச்சநீதிமன்றம் கமுதித் தீர்ப்பைப் பழைய நிலைக்குச் சான்றாக எடுத்துக்காட்டியது. இந்துப் பொதுக்கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசியலமைப்பு தரும் அதிகாரம், சமயப் பிரிவின் உரிமையினும் மேம்பட்டது என்றும் விளக்கியது. மக்கள் முதலில் நடந்தனர், சட்டம் பின்தொடர்ந்தது. அவ்வாறாயின் இதழின் பணி யாது? தோற்றவரின் வழக்கை மறவாது வைத்திருந்து, வென்ற வாதத்தை மீண்டும் மீண்டும் உரைத்துப் பார்ப்பதே அதன் பணி எனலாம்.

இவ்விதழ்கள் ஆங்கிலத்தில் வருவதால் கமுதியிலோ பாலவனத்தத்திலோ வாழும் எளியோர் அவற்றைப் படித்தல் அரிது. ஊர்தோறும் செல்லும் குருமார் அவற்றின் சாரத்தைத் தமிழில் எடுத்துரைக்கலாம். இறையியல் மாணவர் சட்ட மாணவரோடு அமர்ந்து தீர்ப்புகளைக் கற்கலாம். கற்கும்போது நம்மையும் விலக்கிவைக்க இயலாது. கமுதியில் மக்களைத் தடுத்து நிறுத்திய சொல் ‘வழக்கம்’ என்பதே. தனிக் கல்லறைத் தோட்டங்களையும் சாதி பார்த்து நடக்கும் சபைத் தேர்தல்களையும் சுட்டிக்காட்டும்போது, நம் சபைகளிலும் அதே சொல் விடையாகக் கிடைக்கின்றதன்றோ? அவ்விடையை ஏற்குமுன், 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்ப்பது நமக்கு நலம்.