எரியோவிக்சியா கிரிஃபின்டோரி

எரியோவிக்சியா கிரிஃபின்டோரி, வட்ட வலை பின்னும் அரனெய்டே குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு காட்டுச் சிலந்தி. கர்நாடகத்தின் ஷிவமோகா பகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கான் காடுகளில் கண்டறியப்பட்டது. ஜாவேத் அகமது, ராஜஸ்ரீ கலாப், சுமுகா ஜவகல் ஆகிய மூவரும் 2016 டிசம்பரில் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் அராக்னாலஜி’ இதழில் இதைப் புதிய இனமாக விவரித்தனர்.

உடல் நீளம் சுமார் 7 மில்லிமீட்டர். பழுப்பு நிற வயிற்றுப்பகுதி பின்னோக்கிக் கூம்பிக் கூர்முனையாக முடிகிறது. இரவில் நடமாடும் இச்சிலந்தி பகலில் அசையாமல் ஒடுங்கியிருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது காய்ந்த சருகுதான். இரைதேடும் விலங்குகளிடமிருந்து தப்ப இந்த வேடம் உதவுகிறது. முதல் விவரிப்பு பெண் சிலந்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது.

ஹாரி பாட்டர் கதைகளில் மாணவர்களை விடுதிவாரியாகப் பிரிக்கும் மந்திரத் தொப்பி, முதலில் காட்ரிக் கிரிஃபின்டோர் என்ற கதாபாத்திரத்துக்குச் சொந்தமானது. அந்தத் தொப்பியின் சாயல் இருந்ததால் சிலந்திக்கு அவர் பெயர். கதாசிரியர் ஜே.கே. ரௌலிங் ட்விட்டரில் ஆய்வாளர்களைப் பாராட்டினார்.

இச்சிலந்தி கண்டறியப்பட்ட கான் காடுகள், கர்நாடக மலைநாட்டின் பசுமைமாறாக் காட்டுத் துண்டுகள். பலவற்றைச் சுற்றுவட்டார ஊரார் தெய்வக் காடுகளாகப் போற்றிவந்தனர். அங்கே மிளகும் சேகரித்தனர்.