பரையா: ஆங்கிலத்தில் வசையான ஒரு பெயர்
உலகம் ஒதுக்கிவைத்த நாட்டையோ அவப்பெயர் எடுத்த அரசியல்வாதியையோ ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பரையா’ என்று எழுதுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில எழுத்துக்குள் போன தமிழ்ச் சொல் இது. பறை முழக்கியோரின் பெயர். புறநானூற்றின் 335ஆம் பாடலோ துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரைத் தவிர வேறு குடியே இல்லை என்னும் அளவுக்கு உயர்த்திப் பேசுகிறது. இழிவை ஏற்றியது பிற்காலச் சாதி. அதை உலகெங்கும் கொண்டுபோனது ஆங்கிலம்.

எழுதுபவருக்கு மூலம் தெரியாது, வழக்கில் பொருள் மாறிவிட்டது என்பார்கள். மாறியது உண்மைதான்; ஆனால் பெயருக்கு உரியவர்கள் மறைந்துவிடவில்லை. இலங்கையின் கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஆட்களை எழுப்பியது தப்பு என்னும் பறையின் சத்தம். அந்தத் தப்பை அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் பூண்டுலோயாவிலும் புசல்லாவையிலும் இன்று ஆங்கிலம் படிக்கிறார்கள். தங்கள் பாட்டனின் பெயரை அங்கே வசையாகக் காண்கிறார்கள். அறியாமல் எழுதியது என்பதால் அந்தக் காயம் குறைந்துவிடாது. வேறு சொல் இல்லை என்பதும் பொருந்தாது; ஒதுக்கப்பட்டவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘அவுட்காஸ்ட்’ இருக்கிறது. அந்தத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் ஆவணங்கள் தொழிலாளியைக் ‘கூலி’ என்றே எழுதின. பின்னாளில் அந்த வழக்கு கைவிடப்பட்டது, ஆங்கிலம் எதையும் இழக்கவில்லை. ‘பரையா’வையும் அப்படியே விடலாம்.