மாதம் 25 ரூபாய்

மாதுங்காவில் குடியிருந்த நம் அங்கத்தினர்கள் தாதர் ஹிந்து காலனியில் உள்ள 'ராஜகிருஹம்' வீட்டைப் பார்த்திருப்பார்கள். டாக்டர் அம்பேத்கர் தம் புத்தகங்களை வைக்கவென்றே கட்டிய வீடு.

இன்டர்மீடியட் தேறியபோது அவர் வீட்டில் பணமில்லை. ஆசிரியர் கேலுஸ்கர் சிபாரிசில் பரோடா மகாராஜா சயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தார். 1912ல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. மறு வருஷமே அதே சமஸ்தானத்தின் உதவியில் கொலம்பியா. 1917ல் கெடு முடிந்தது. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சேமித்தார். கோலாப்பூர் மகாராஜாவும் ஒரு பார்ஸி நண்பரும் கைகொடுக்க 1920ல் மறுபடி லண்டன். டி.எஸ்ஸி. கிடைத்தது 1923ல். எல்லோருக்கும் ஒரு பார்ஸி நண்பர் வாய்ப்பாரா?

அவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்தபோது, 1944ல், பட்டியல் வகுப்புக் கல்லூரி மாணவர்களுக்கு மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம் ஆரம்பமாயிற்று. 1948ல் பழங்குடியினருக்கும் வந்தது. இன்றும் நடக்கிறது.

ஆனால் பக்கத்துத் தாராவித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல். 1950 ஆகஸ்ட் 10க்குப் பிறகு குடிபெயர்ந்த குடும்பம் என்றால் சலுகை சொந்த மாநிலத்தில்தான் என்பது 1985ம் வருஷ மத்திய உத்தரவு. பம்பாய் மருத்துவக் கல்லூரி வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டும் 1990ல் அதையே உறுதி செய்தது. சட்டம் அறிந்தவர்கள் காரணம் சொல்வார்கள். சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்த எனக்கும் அது புரியாமலில்லை. இருந்தாலும், தாராவியிலேயே பிறந்த ஒரு பெண், தான் பார்த்தேயிராத திருநெல்வேலி கிராமத்திலிருந்து அப்பாவின் சாதிச் சான்றிதழைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிக் கட்டணத்துக்கோ கடைசித் தேதி ஜூலையிலேயே வந்துவிடும்.