வீட்டுக்காரர் விடுறாரா? செவிலியர் வரலாற்றில் கணவரின் இடம்

தரங்கம்பாடி என்றதும் டேனிஷ் கோட்டை, 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, அச்சுக்கூடம் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். அடுத்த ஆண்டே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதைச் சிலர் சொல்வார்கள். 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளும் சாதி பார்த்தே உட்கார வைத்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. படிப்பு வந்தது, சாதியும் கூடவே வந்தது. செவிலியர் தொழிலின் கதையும் இப்படித்தான்.

மிஷன் மருத்துவமனைகள் செவிலியர் பயிற்சியைத் தொடங்கியபோது சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பவில்லை. ரத்தமும் மலமும் அவர்களுக்குத் தீட்டு. அந்நிய ஆணைத் தொடுவதும் இரவில் வெளியே தங்குவதும் மானக்கேடு. வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள், கைம்பெண்கள், வேறு வழியில்லாதவர்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் இருந்தார்கள். 1946இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு அறிக்கை தந்தபோது, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான். ஆள் இல்லாமல் போனதற்குத் தீட்டும் ஒரு காரணம்.

செவிலியருக்குக் குடும்பமே கூடாது என்று நினைத்த நிர்வாகங்களும் உண்டு. ராணுவ செவிலியர் பணியில் இருந்த ஒரு பெண்ணை, திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988இல் வேலையைவிட்டு நீக்கினார்கள். அதற்கு இடம்கொடுத்த 1977ஆம் ஆண்டு ராணுவ விதி 1995இல்தான் விலக்கப்பட்டது. அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில். நீதி வர 36 ஆண்டுகள்!

விதி போய்விட்டது. கேள்வி போகவில்லை. செவிலியர் படிப்பு முடித்த பெண்ணுக்குத் திருமணமானதும் ஊர் கேட்பது, "வீட்டுக்காரர் வேலைக்கு விடுறாரா?" விடுவதற்கு அவர் யார்? இரவுப் பணி முடிந்து காலையில் வீடு திரும்புகிறவர் உலை வைக்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும் என்றால், அவர் தன் வேலையை எப்படி நேசிப்பார்? வேலையில் மனநிறைவு வார்டில் மட்டும் உருவாவதில்லை. அடுப்படியில் யார் நிற்கிறார்கள் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

நமக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜோதிராவ் புலே தன் மனைவி சாவித்திரிபாய்க்கு எழுத்தறிவித்தார். பெண்களுக்குப் பாடம் நடத்தியதற்காக இருவரும் ஜோதிராவின் தந்தை வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1863இல் கைவிடப்பட்ட கைம்பெண்கள் பிள்ளை பெறுவதற்கு ஓர் இல்லம் திறந்தார்கள். அங்கே பேறுகாலத்தில் தாய்களைப் பார்த்துக்கொண்டவர் சாவித்திரிபாய். ஜோதிராவ் 1890இல் இறந்தார். 1897இல் பூனாவில் பிளேக் பரவியபோது, வளர்ப்பு மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமில் நோயாளிகளைக் கவனித்தார் சாவித்திரிபாய். நோயுற்ற ஒரு தலித் சிறுவனை முதுகில் சுமந்துவந்து சேர்த்தார். அதே நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். ஜோதிராவ் அவரை வேலைக்கு 'விட்டவர்' இல்லை. கூடவே உழைத்தவர், கூடவே வீட்டை இழந்தவர்.

1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் பேசிய அம்பேத்கரும் இதையே கேட்டார். மனைவி கணவனுக்கு அடிமையாக இருக்கக் கூடாது, நண்பராகவும் சமமானவராகவும் நிற்க வேண்டும் என்றார்.

ஆனால் எல்லாவற்றையும் கணவர் தலையில் கட்டிவிட்டு அரசு தப்பிக்க முடியாது. 2015இல் தமிழக அரசு எம்.ஆர்.பி. மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டார்கள். டெல்டாவில் நிலமில்லாத விவசாயக் கூலியின் மனைவி செவிலியரானால், வயலில் வேலை இல்லாத மாதங்களில் குடும்பமே அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருக்கும். அங்கே கணவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், சோறு வடிக்கலாம். ஆனால் 7,700 ரூபாயை அவரால் பெருக்க முடியாது.

ஆகவே தோழர்களே, இரண்டு சண்டையையும் சேர்த்தே போடுவோம். நிரந்தரப் பணி, நியாயமான சம்பளம், பணியிடத்தில் குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை அரசிடம் கேட்போம். நம் இயக்கத்து ஆண்களிடம் கேட்க வேண்டியது வேறு: உங்கள் வீட்டுச் செவிலியர் இரவுப் பணி முடிந்து வரும்போது, உலை வைத்தாயிற்றா?