பிரேக் பிடிச்சும் பின்னால லைட் எரியலையா? பழைய பைக்கில் பிரேக் லைட் சுவிட்சை சரிசெய்வது எப்படி?

ஹாரன் அடிக்கலைன்னா ஓட்டுபவருக்கு உடனே தெரிஞ்சிடும். ஹெட்லைட் போனாலும் அப்படித்தான். ஆனால் பிரேக் லைட் எரியாவிட்டால், வண்டியை ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். அதுவும் அவர் மிக அருகில் வந்த பிறகுதான்.

பழைய பைக்குகளில் இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது பிரேக் லைட் சுவிட்ச். வண்டியிலேயே விலை குறைவான பாகங்களில் இதுவும் ஒன்று. பல நேரங்களில் இதை மாற்றக்கூடத் தேவையில்லை, நட்டைத் திருப்பி அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

திருக்கோவிலூர் சாலைகளில் ஏன் இது முக்கியம்?

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. ஆனாலும் 'டிஎன் 32' நம்பர் பலகையோடு ஓடும் பழைய பைக்குகளைத் திருக்கோவிலூர் பகுதியில் இன்றும் பார்க்கலாம். கரும்பு அரவை சீசன் தொடங்கினால், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்கு லோடு ஏற்றிய டிராக்டர்கள் மெதுவாகப் போகும். அவற்றின் பின்னால் போகும் பைக் சட்டென பிரேக் பிடிக்க வேண்டிவரும். அதைப் பின்னால் வரும் காருக்கோ பஸ்ஸுக்கோ சொல்லும் ஒரே அடையாளம் அந்தச் சிவப்பு லைட்தான்.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் சுமார் 14 மீட்டர் கடந்துவிடும். முன்னால் போகும் பைக் வேகம் குறைப்பதை ஒரு விநாடி தாமதமாகக் கவனித்தாலே, ஒரு பஸ்ஸின் நீளத்தைவிட அதிக தூரம் கையைவிட்டுப் போய்விடும்.

சுவிட்ச் எங்கே இருக்கும்?

பெரும்பாலான பைக்குகளில் இரண்டு சுவிட்ச் இருக்கும். முன் பிரேக் சுவிட்ச் ஹேண்டில்பாரில் லீவர் அருகே இருக்கும். பின் பிரேக் சுவிட்ச் வலதுபக்கம் பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும். பெடலை மிதித்தால் ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்சின் முனையை இழுக்கும், லைட் எரியும். மிகப் பழைய மாடல்கள் சிலவற்றில் பின் சுவிட்ச் மட்டும்தான் இருக்கும்.

இரண்டு சுவிட்சும் ஒரே பல்பைத்தான் எரிய வைக்கின்றன. பழுதைக் கண்டுபிடிக்க இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

பழுது எங்கே? 4 சோதனைகள்

1. சாவியை ஆன் செய்து, முன் லீவரையும் பின் பெடலையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். ஒன்றுக்கு எரிந்து, இன்னொன்றுக்கு எரியாவிட்டால் பல்ப் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எரியாத பக்கத்தின் சுவிட்ச் அல்லது அதன் ஒயரில்தான் கோளாறு. சில பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் லைட் எரியும். அவற்றில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

2. இரண்டுக்குமே எரியாவிட்டால் முதலில் பல்பைக் கழற்றிப் பாருங்கள். 12 வோல்ட் பைக்குகளில் பொதுவாக 21/5 வாட் பல்ப் இருக்கும். அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. டெயில் லைட் எரிவதால் பல்ப் நல்லா இருக்குன்னு நினைக்கக் கூடாது. பிரேக் இழை மட்டும் அறுந்திருக்கலாம். பழைய 6 வோல்ட் வண்டி என்றால் 6 வோல்ட் பல்புதான் போட வேண்டும்.

3. பல்ப் ஹோல்டரில் பச்சை பூத்திருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பிரேக் பிடிக்கும்போது டெயில் லைட் மங்கினால், பெரும்பாலும் எர்த் சரியாகக் கிடைக்கவில்லை என்று பொருள்.

4. கடைசியாக சுவிட்ச். அதன் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கம் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு சிறிய ஒயர் துண்டால் இணைத்துப் பாருங்கள். லைட் எரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. எரியாவிட்டால் ஃபியூஸ், ஒயர், பல்ப் ஆகியவற்றை மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஒயர் ஃப்ரேமில் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள். பட்டால் ஃபியூஸ் போய்விடும்.

மாற்ற வேண்டுமா, அட்ஜஸ்ட் போதுமா?

பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் ஒரு விஷயம் அடிக்கடி மறந்துபோகும். பிரேக்கை டைட் வைத்தால், பெடல் முன்பைவிடக் குறைவாகத்தான் கீழே இறங்கும். பிரேக் பிடித்துவிடும், ஆனால் சுவிட்சை இழுக்கும் அளவுக்குப் பெடல் போகாது. அதனால் லேசாகப் பிரேக் பிடிக்கும்போது லைட் எரியாது. நேற்று வரை எரிந்த லைட், பிரேக் டைட் வைத்த மறுநாள் எரியலைன்னா இதுதான் காரணமாக இருக்கும்.

சுவிட்ச் உடம்பில் மரை இருக்கும், அதில் ஒரு நட் இருக்கும். சுவிட்ச் சுற்றாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருப்ப வேண்டும். சுவிட்ச் மேலே ஏறினால் லைட் சீக்கிரம் எரியும், கீழே இறங்கினால் தாமதமாக எரியும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே லைட் எரிவதுதான் சரியான அளவு.

புது சுவிட்ச் மாட்டும் முறை

* சாவியை ஆஃப் செய்துவிட்டு, வலதுபக்க சைடு கவரைக் கழற்றுங்கள்.
* பெடலிலிருந்து ஸ்பிரிங்கை விடுவித்து, கனெக்டரைப் பிரித்து, சுவிட்சை வெளியே எடுங்கள்.
* பழைய சுவிட்சைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கனெக்டர், ஒயர் நீளம், ஸ்பிரிங் மூன்றும் மாடலுக்கு மாடல் மாறும்.
* புதியதை மாட்டியதும் ஒயர் சைலன்சரையோ பெடலையோ தொடாதபடி பழைய வழியிலேயே கட்டுங்கள்.
* அட்ஜஸ்ட் செய்து, மிதித்தால் எரிகிறதா, காலை எடுத்ததும் அணைகிறதா என்று இரண்டையும் பாருங்கள்.

முன் சுவிட்ச் என்றால் பல நேரம் தூசியும் அழுக்கும்தான் காரணம். சுத்தம் செய்தும் முனை உள்ளேயே சிக்கிக்கொண்டால் மாற்றிவிடுவது நல்லது.

எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால்?

எரியாத லைட்டைப் போலவே இதுவும் ஆபத்துதான். எப்போது பிரேக் பிடிக்கிறார்கள் என்பதே பின்னால் வருபவருக்குத் தெரியாது. பெடலிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள். லைட் அணைந்தால், ஒன்று சுவிட்ச் ரொம்ப மேலே ஏறியிருக்கும், அல்லது பெடல் துருப்பிடித்து முழுதாகத் திரும்பாமல் இருக்கும். அணையாவிட்டால் முன் லீவர் சுவிட்சையும் பார்க்க வேண்டும்.

பேட்டரியும் பாதிக்கப்படும். 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். கிக்கர் பைக்குகளில் உள்ள 2.5 ஏஎச் போன்ற சின்ன பேட்டரி, எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்தால், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும்.

மழையிலும் மலையிலும் கவனம்

பின் சுவிட்ச் தாழ்வான இடத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் எளிதாக உள்ளே போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. அதுபோன்ற வெள்ளத்தில் நின்ற வண்டியை மறுபடி ரோட்டில் இறக்கும் முன், பிரேக்கோடு சேர்த்து இந்த சுவிட்சையும் ஹோல்டரையும் பார்ப்பது அவசியம்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது, கியரைக் குறைத்து எஞ்சின் பிடிப்பில் வருவதே சரியான முறை. ஆனால் கியரால் வேகம் குறையும்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் வண்டி வந்தால், பெடலை லேசாகத் தொட்டு லைட்டைக் காட்டுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 102-வது விதி, வண்டியை நிறுத்துவதைக் காட்டும் சிவப்பு லைட் பின்னால் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் சைக்கிளில் முன், பின் எந்த பிரேக்கைப் பிடித்தாலும் அது எரிய வேண்டும். சொந்த உபயோக பைக்குக்கு 15 ஆண்டு முடிந்தால், ஆய்வுக்குப் பிறகே பதிவு மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். அந்த ஆய்வுக்குப் போகும் முன் லைட்டுகளைச் சரிபார்ப்பது அலைச்சலைக் குறைக்கும்.

தினமும் சோதிக்க ஒரு சுலப வழி இருக்கு. இரவில் வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தும்போது இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் இரண்டு முறையும் பளிச்சென்று கூடினால் லைட் சரியாக இருக்கிறது. ஒரு முறை கூடாவிட்டாலும், மறுநாள் வண்டியை எடுக்கும் முன் சரிசெய்துவிடுங்கள்.